பங்குக் கணக்கு முதல் மறைமாவட்டக் கணக்கு வரை: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் கீழ் வரும் கோயில் சமூகம்) கணக்கை இப்போதுதான் கையில் வாங்கியவர்களுக்காக இது. இந்த ஊர்களெல்லாம் 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுப்பு) வருபவை. ரொக்கப் புத்தகம் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போவோம்.

படி 1: யார் பணம் என்று பிரியுங்கள்

ஞாயிறு காணிக்கை, உண்டியல், கோயில் வரி, திருவிழா ஏலம் எல்லாம் பங்கின் சொந்த வரவு. கோபுரத்துக்கென்று ஒருவர் கொடுத்தால் அது கோபுரத்துக்குத்தான். திருச்சபைச் சட்டம் 1267 அதை வேறு எதற்கும் தொட விடாது; தனித் தலைப்பில் வையுங்கள். புனித வெள்ளியன்று புனித நாட்டுக்காக எடுப்பது, போப்பாண்டவருக்குப் போகும் இராயப்பர் காணிக்கை, அக்டோபர் மறைபரப்பு ஞாயிறு காணிக்கை ஆகியவை பங்கின் வழியாகப் போகும் பணம். இவற்றை வரவில் எழுதாமல், கொடுக்க வேண்டிய பாக்கியில் எழுதுங்கள்.

உண்டியலை எண்ணும்போது சாமியாரைத் தவிர இரண்டு பேர் இருக்கட்டும். நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறு வேலை நாளே வங்கியில் கட்டிவிடுங்கள். பூக்காரருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் அந்தத் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை முதல் வாரமே நிறுத்துங்கள்.

படி 2: பூசைக் காணிக்கை

பெரும்பாலான கணக்குகள் இடறும் இடம் இது. மாதத்தில் 120 கருத்துகள் (இன்னாருக்காக, இன்ன வேண்டுதலுக்காகப் பூசை வையுங்கள் என்று தருபவை), தலா ரூ. 200 என்றால் கையில் ரூ. 24,000. பூசையில் ஒப்புக்கொடுத்தது 80 என்றால், மீதி 40க்கான ரூ. 8,000 இன்னும் கடன்தான். அதை எடுத்துக் கோயிலுக்கு வெள்ளையடித்துவிட்டால் மாற்றலாகி வரும் அடுத்த பங்குத்தந்தை தலையில்தான் விழும்.

இன்னொரு சிக்கல்: கிளைக் கிராமங்கள் உள்ள பங்கில் ஞாயிறன்று இரண்டு மூன்று பூசை நடக்கும். குருவானவர் ஒரு நாளைக்கு ஒரு பூசையின் காணிக்கையை மட்டுமே தனக்கென வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு (சட்டம் 951). மற்றவை ஆயர் குறித்த நோக்கத்துக்குப் போகும். ஆகவே பூசைக் குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வேண்டும்: கருத்து, தொகை, ஒப்புக்கொடுத்த தேதி, அன்றைக்கு எத்தனையாவது பூசை. சட்டம் 958 கேட்கும் தனிப் புத்தகம் இதுதான். கடைசிப் பத்தியை அது கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் மாதக் கடைசியில் கணக்கு நேராகாது.

படி 3: மறைமாவட்டத்தோடு சேர்ப்பது

பங்குக்கு ஓர் எக்செல் கோப்பு என்பது எனக்குப் பிடிக்காது. ஒருவர் நடுவில் ஒரு வரியைச் செருகினால் கூட்டல் வாய்பாடு முழுக்கக் கோணலாகிவிடும். பங்கில் கையெழுத்து நாளேடு, மறைமாவட்ட அலுவலகத்தில் ஒரே டேலி (கணக்கு மென்பொருள்), அதில் ஒவ்வொரு பங்கும் ஒரு காஸ்ட் சென்டர், அதாவது வரவு செலவைத் தனியே காட்டும் பிரிவு. இது போதும்.

பங்குகள் மறைமாவட்டத்தின் பான் எண்ணிலேயே இயங்கினால், பங்கு அனுப்பும் ரூ. 30,000 பங்குக்குச் செலவும் இல்லை, மறைமாவட்டத்துக்கு வருமானமும் இல்லை. இரு பக்கமும் அப்படி எழுதினால் மொத்த வரவும் செலவும் ரூ. 30,000 வீங்கி, வருமானத்தில் 85 சதவீதத்தை அறக் காரியங்களுக்குச் செலவிட்டோமா என்று பார்க்கும் வருமான வரிக் கணக்கே பிசகும். 'கிளைக் கணக்கு' என்று ஒரு தலைப்புப் போட்டு இரு பக்கமும் அதிலேயே எழுதுங்கள். எல்லாப் பங்கையும் கூட்டினால் அது பூஜ்யமாக வேண்டும். வராவிட்டால் முதலில் மார்ச் கடைசி வாரத்தைப் பாருங்கள்: 30ஆம் தேதி அனுப்பிய காசோலை ஏப்ரல் 3இல் வரவாகியிருக்கும். மார்ச் 25க்குப் பிறகு எதையும் அனுப்பாதிருந்தாலே ஐந்தொகை பாதி நேராகிவிடும்.

திருவிழாச் செலவில் ஒரு எச்சரிக்கை. பந்தல்காரருக்கோ மேளத்துக்கோ ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது. வங்கி வழியே கொடுங்கள்.

பின்சேர்க்கை: சிங்கப்பூர், மலேசியப் பணம்

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் ஊர்க்காரர் தரும் பணத்தைப் பங்கு வாங்கலாமா என்றுதான் அதிகம் பேர் கேட்டீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும். திருவிழாவுக்கு வந்து கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் ஆகும். அதை மறைமாவட்டத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவின் கீழ், டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். ஆகவே ரசீது எழுதுமுன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள். நம்ம ஊர்க்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ரசீதுப் புத்தகத்திலேயே 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் அச்சடித்துவிடுங்கள். அவரே நிரப்பித் தருவார்.