போயிருக்கிறேன், போனேன்: பத்துமலை ரயிலில் ஓர் ஆங்கிலப் பாடம்

கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குப் போகும் ரயிலில் அக்கா மகள் தன் பயிற்சித் தாளை நீட்டினாள். ‘ஐ ஹேவ் பீன் டு பினாங் லாஸ்ட் இயர்’ என்ற வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“போன வருடம் போயிருக்கிறேன் என்று தமிழில் சொல்கிறோமே, மாமா. இதில் என்ன தப்பு?”

நியாயமான கேள்வி. நம்மைத் தடுக்கி விழவைப்பதே இதுதான். தமிழில் ‘போயிருக்கிறேன்’ என்பதோடு ‘போன வருடம்’ ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலத்தில் ஒட்டாது. நேற்று, போன வருடம், 2018 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘வென்ட்’தான். எப்போது என்று சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொன்னால் ‘ஹேவ் பீன்’. முதலில் ‘ஐ ஹேவ் பீன் டு பினாங் ட்வைஸ்’ என்று தொடங்குங்கள். பிறகு ‘லாஸ்ட் டிசம்பர் வி டுக் த ஃபெரி ஃப்ரம் பட்டர்வொர்த்’ என்று கதைக்குள் போங்கள்.

இன்னொரு வழுக்கல்: ‘அப்பா பினாங்குக்குப் போயிருக்கிறார்.’ இன்னும் அங்கேயே இருந்தால் ‘ஹேஸ் கான் டு’. போய்த் திரும்பிவிட்டவர் என்றால் ‘ஹேஸ் பீன் டு’.

பத்துமலையின் 272 படிகளில் பாதியில் மூச்சு வாங்க நின்றபோது, ‘வி ஹேவ் க்ளைம்ட் ஒன் ஃபிஃப்டி ஸ்டெப்ஸ்’ என்றாள். சரிதான், ஏற்றம் இன்னும் முடியவில்லையே. அதற்குள் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது.

“த மங்கி ஹேஸ் டேக்கன் மை பனானா!”

கை காலி, பழம் இன்னும் குரங்கிடம். இலக்கணம் துளியும் பிசகவில்லை.