முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா: பாடியைவிட லென்ஸைப் பாருங்கள்

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள், 24 இருந்தால் தாராளம். செகண்ட் ஹேண்ட் என்றால், ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். 30,000க்குள் இருந்தால் நல்லது.

நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவு என்று, மோட்டார் இல்லாத 50 மி.மீ. 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையாகக் கேளுங்கள். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸே போதும். கோடியக்கரைப் பறவைகளுக்கு 300 மி.மீ.கூடக் குறைவுதான்.

டெல்டா ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும் முன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் வேண்டாம், விலை எவ்வளவு படிந்தாலும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் பை ஈரத்தை இழுக்கும்.