மாரிஸ் மைனர் டிஸ்ட்ரிபியூட்டர்: கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டுவது

வண்டி மிஸ்ஸிங் ஆகிறது, மேட்டில் இழுக்கவில்லை என்றால் பலரும் முதலில் புதுப் பாயிண்டும் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) கண்டென்சரும் வாங்கி மாட்டுவார்கள். மைனர் 1000 காரின் 1098 சிசி எஞ்சினில் வரும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் கருவி) அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரை இடஞ்சுழியாகத் திருப்பி விடுங்கள். சட்டென்று திரும்பி வரவேண்டும். மந்தமாக வந்தாலோ அப்படியே நின்றாலோ, வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகள் காய்ந்து இறுகிவிட்டன. அதற்குப் புதுப் பாயிண்ட் மருந்தல்ல.

பேட்டரி ஒயரைக் கழற்றியபின், டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினோடு பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குருவை மட்டும் எடுங்கள். கழுத்தை இறுக்கும் போல்ட்டைத் தொடவேண்டாம். தொடாவிட்டால் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பெரிதாக நகராது.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவலாம். வேக்குவம் டப்பாவை நனைக்கக்கூடாது. எடைகளின் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இல்லாமல் இருக்கலாம். எது எந்தப் பக்கம் என்று குறித்துவையுங்கள், இழுத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஷாஃப்ட்டை (ரோட்டரைச் சுழற்றும் நடுத்தண்டு) பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி (கேப்) ஒவ்வொரு முறையும் மாறும், எவ்வளவு கவனமாக வைத்தாலும் வீண். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷைப் புதிதாகப் போடவேண்டும். அது எண்ணெய் குடிக்கும் வெண்கலம்: எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம், அல்லது 100 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் ஊறவிட்டு, ஆறியபின் எடுத்து அடியுங்கள். லேத் கடையில் ரீமர் (துளையைக் கடையும் கருவி) போடலாம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள், நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம்தான் நல்லது. ரோட்டருக்கு அடியில் தெரியும் ஸ்குருவின் தலையில் சில துளி (ஸ்குருவைக் கழற்றவேண்டாம், ஓரமாகவே இறங்கிவிடும்). பாயிண்ட் உட்காரும் தகட்டின் நடு இடைவெளி வழியாக எடைகளுக்குச் சில துளி. பாயிண்ட் அசையும் அச்சில் ஒரே ஒரு துளி. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் மெல்லிய கிரீஸ் பூச்சு. கூடினால் தெறித்து பாயிண்டில் படிந்து கருகும்.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். இரண்டு துண்டாக வரும் பழைய வகைப் பாயிண்டில் ஸ்பிரிங்கின் ஒரு முனை ஒரு சின்னக் கம்பத்தில் உட்காரும். அந்தக் கம்பம் எர்த். கண்டென்சர் ஒயரும் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒயரும் ஸ்பிரிங்கை மட்டுமே தொடவேண்டும், கம்பத்தையோ நட்டையோ தொடக்கூடாது. அதற்காகத்தான் தொப்பி வடிவ பிளாஸ்டிக். ஒயர் முனைகள் இரண்டையும் தொப்பியின் கழுத்தில் கோத்து, கழுத்தை ஸ்பிரிங்கின் ஓட்டைக்குள் இறக்கி, மேலே நட். ஒயரைத் தொப்பிக்கு மேலே வைத்து முடுக்கினால் ஸ்பார்க்கே வராது. பழி காயில் மேல் விழும். காயில் ஒயரை இணைக்கும் முன், பாயிண்டுகளுக்கு நடுவே காகிதம் செருகி, ஸ்பிரிங்குக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பீப் வந்தால் திரும்பக் கழற்றுங்கள்.

கேமின் உச்சியில் கேப் 0.014 முதல் 0.016 அங்குலம். என் ஓட்டு ஃபீலர் கேஜுக்கே; விசிட்டிங் கார்டால் வைக்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. டைமிங் பார்க்க 12 வோல்ட் பல்பு போதும்: காயில் ஒயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து சாவியைப் போட்டால், பாயிண்ட் திறக்கும் நொடியில் எரியும்.

பிறகு சேர்த்தது: மாட்டியபின் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்று சிலர் கேட்டார்கள். ஷாஃப்ட்டை எடுக்க அடியில் எஞ்சினோடு பொருந்தும் துண்டான டாக்கின் பின்னைத் தட்டியிருப்பீர்கள்; டாக் 180 டிகிரி திரும்பி ஏறிவிட்டது. தட்டும் முன்பே ரோட்டர் பள்ளத்தோடு சேர்த்து அடையாளம் போடுங்கள்.

சூடானால் மட்டும் மிஸ்ஸிங் என்றவர்கள், அசையும் தகட்டிலிருந்து வரும் துணி சுற்றிய எர்த் ஒயரைப் பாருங்கள். உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. சாதாரண ஒயர் போட்டால், தகடு ஆடி ஆடி அந்த ஒயர் சீக்கிரம் ஒடியும். பல மெல்லிழைகள் உள்ள இளகிய ஒயராகப் போடுங்கள்.