லினக்ஸ் நெட்வொர்க்கில் ஒரே இடத்தில் லாகின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து லினக்ஸ் கணினிகள் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக யூசர் கணக்கு போடுவது கட்டுப்படியாகாது. யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரத்தை எல்டாப் டைரக்டரி என்ற மையப் பதிவேட்டில் வைத்து, பாஸ்வேர்ட் சரிபார்ப்பைக் கெர்பரோஸிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் இவ்விரண்டோடும் பேசும் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவையை ஓட்டுவது பரவலான வழி. ஃப்ரீஐபிஏ இதையெல்லாம் ஒரே கட்டாகத் தருகிறது. இதை நிறுவி, ஒரு கணக்கில் லாகின் ஆனதும் “சரி, வேலை முடிந்தது” என்று எழுந்துவிடுவதுதான் முதல் தவறு. வர வேண்டியவர் வருகிறார் என்பது பாதிச் சோதனைதான். வரக் கூடாதவர் வெளியே நிற்கிறாரா, சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வேலையை விட்டுப் போனவர் இன்னும் உள்ளே

ஒருவர் விலகியதும் டைரக்டரியில் அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. கணினியில் அவருடைய சொந்த ஃபோல்டரான ஹோம் டைரக்டரியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் பொதுச் சாவி இருந்தால், பாஸ்வேர்ட் என்ற பேச்சே எழாது. அதற்கு இணையான தன் தனிச் சாவியைக் கொண்டு உள்ளே வந்துவிடுவார். அவரைத் தடுக்க வேண்டியது அதற்கு அடுத்த படி: “இந்தக் கணக்குக்கு இங்கே அனுமதி உண்டா?” என்று, லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பான பாம் (PAM) வழியாக எஸ்எஸ்எஸ்டியிடம் கேட்கப்படும் கேள்வி. அனுமதி விதி எதுவும் எழுதாமல் விட்டால், எஸ்எஸ்எஸ்டியின் இயல்பான பதில் “எல்லோரும் வரலாம்” என்பதுதான். ஃப்ரீஐபிஏவிலும் நிறுவும்போதே எல்லோரையும் எல்லாக் கணினியிலும் அனுமதிக்கும் ஒரு விதி வந்துவிடுகிறது. எந்தக் குழு எந்தக் கணினிக்குப் போகலாம் என்ற விதிகளை முதலில் எழுதிச் சோதியுங்கள். அப்புறம் அந்தப் பொது விதியை நிறுத்துங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்க நேரிடும்.

கணக்கை முடக்கிய பிறகும், ஏற்கெனவே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் (லாகின் ஆனதும் கிடைக்கும் தற்காலிக அனுமதிச் சீட்டு) அதன் ஆயுள் தீரும்வரை மற்ற சேவைகளில் செல்லுபடியாகலாம். ஓடிக்கொண்டிருக்கும் செஷன்கள் தாமாக அறுந்துபோவதும் இல்லை. அவற்றைத் தேடிப்பிடித்து நிறுத்துவதும் இந்த வேலையில் சேர்த்தி. ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி, அதை முடக்கி, சாவியோடு நுழைய முயன்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதே இல்லை.

பெயர் அல்ல, எண்

லினக்ஸ் ஒரு ஃபைலின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, யூஐடி என்ற எண்ணால் நினைவில் வைக்கிறது. பல லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோக்களில்) நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கின் எண் 1000. டைரக்டரியிலும் 1000லிருந்தே தொடங்கினால், ஒரே எண்ணில் இரண்டு பேர். டைரக்டரி கணக்கில் இருப்பவர் ஒரு ஃபைலை உருவாக்கி எல்எஸ் கட்டளையில் பார்த்தால், உரிமையாளர் இடத்தில் அந்தக் கணினியின் உள்ளூர்க் கணக்குப் பெயர் நிற்கும். இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. ஒருவரின் ஃபைலை மற்றவர் திறக்கலாம், அழிக்கலாம். நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் இன்னும் மோசம். கெர்பரோஸ் இல்லாத வழக்கமான அமைப்பில், கிளையன்ட் (சர்வரோடு இணையும் கணினி) சொல்லும் எண்ணை சர்வர் அப்படியே நம்பிவிடும்.

ஆகவே டைரக்டரி எண்களை உள்ளூர் எண்கள் எட்டாத உயரத்தில் தொடங்குங்கள். ஃப்ரீஐபிஏ தானாகவே 2,00,000 எண்கள் கொண்ட ஒரு பெரிய தொகுதியை ஒதுக்கிக்கொள்கிறது. விலகியவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். பழைய ஃபைல்கள் எல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

சர்வர் படுத்தால்

ரூட் கணக்கை டைரக்டரிக்குக் கொண்டுபோகவே கூடாது. நெட்வொர்க் இல்லாதபோதும் நுழைய, ஒவ்வொரு கணினியிலும் ஓர் உள்ளூர் அட்மின் கணக்கு இருக்க வேண்டும். லாகின் விவரத்தைக் கணினியிலேயே சேமித்துவைக்கும் எஸ்எஸ்எஸ்டியின் கேஷ் (cache) கைகொடுக்கும்தான். ஆனால் அந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும். அந்தக் கணினியில் முன்பு லாகின் செய்தவருக்கு மட்டுமே அது உதவும். இன்னொரு சர்வரும் தேவை. அது இருப்பது கிளையன்ட்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

சர்வர் நன்றாக ஓடியும் லாகின் மறுக்கப்பட்டால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் வழக்கமாக மறுத்துவிடும். நிறுத்திவைத்து எழுப்பிய விர்ச்சுவல் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி ஓடுகிறதா என்று பார்த்தால் பாதி மர்மம் தீரும். மீதி பெரும்பாலும், கணினிப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் உள்ள பெயர்ப் பிழைதான்.

சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழில் பிழை வந்தால் சரிபார்ப்பையே அணைத்துவிடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. சாதாரண எல்டாப் இணைப்பில் பாஸ்வேர்ட் மறைப்பில்லாமல் போகிறது. இணைப்பை மறைக்கும் டிஎல்எஸ் போட்டுவிட்டுச் சான்றிதழைப் பார்க்காமல் விட்டால், போலி சர்வரிடமே பாஸ்வேர்டை ஒப்படைக்க நேரலாம். சர்வருக்குச் சான்றிதழ் வழங்கிய சிஏவின் சான்றிதழைக் கிளையன்ட்டில் சேர்ப்பது சின்ன வேலைதான்.

கடைசியாக, இரண்டாவது சர்வரை பேக்அப் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று நகலெடுப்பதால், ஒன்றில் தவறுதலாக ஒரு குழுவை அழித்தால், சில நொடிகளில் மற்றதிலும் அது போய்விடும். டைரக்டரியைத் தனியாக எடுத்து வேறிடத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு வெற்றுக் கணினியில் மீட்டுப் பாருங்கள்.