பழைய நீர்ச்சக்கர நூற்பாலையை வரைபடத்தில் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகளைத் தேட ஆரம்பிப்பவர்கள் முதலில் கட்டடத்தின் படத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டடம் ஓடிப்போகாது, முதலில் தண்ணீரைப் பிடியுங்கள். அது எங்கே பிரிந்தது, எங்கே விழுந்தது, எந்த வழியாக ஆற்றுக்குத் திரும்பியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: வரைபடம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) தாள்களும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பக்கத்தில், ஒரு பக்கம் 25 அங்குலத் தாள் (ஒரு மைலைச் சுமார் 25 அங்குலத்தில் காட்டுவது), மறுபக்கம் லைடார் (விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த படம்). 6 அங்குலத் தாள் வேண்டாம், மதகெல்லாம் அதில் புள்ளியாகச் சுருங்கிவிடும். கூகுள் எர்த்தும் இந்த வேலைக்கு ஆகாது. மரங்களுக்கு அடியில் தூர்ந்து கிடக்கும் வாய்க்கால் அதில் தெரியாது. லைடாரில் அதே வாய்க்கால் கீறல் போட்டதுபோல் தெரியும்.

படி 2: தடுப்பணை

கை பழக பெல்ப்பர் ஊரை எடுங்கள். 1797இல் ஆலை முதலாளிகளான ஸ்ட்ரட் குடும்பம் கட்டிய குதிரைலாட வடிவத் தடுப்பணை ஆற்றின் குறுக்கே வளைந்து நிற்கும். தாளில் 'வியர்' (Weir, தடுப்பணை), 'ஸ்லூஸ்' (Sluice, மதகு) என்று எழுதியிருப்பதைத் தேடி, அங்கிருந்து பிரியும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனால் ஆலை வந்துவிடும்.

படி 3: எந்தத் தண்ணீர்?

சிக்கலே இங்கேதான், அவசரப்படாதீர்கள். பெல்ப்பரில் பழகிய கையோடு அதே பள்ளத்தாக்கிலுள்ள குரோம்ஃபோர்டு போனால், நீர்ச்சக்கர நூற்பின் முன்னோடி ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் தொடங்கிய ஆலைக்கு டெர்வென்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் தேடித் தேடிக் கண் வலிக்கும். கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. ஆறு பக்கத்திலேயே ஓடியும், அந்த ஆலை நம்பியது போன்சால் ஓடையையும், ஈயச் சுரங்கங்களை வடிப்பதற்காகக் குடைந்த குரோம்ஃபோர்டு சுரங்க வடிகாலையும். பூமிக்குள்ளிருந்து வரும் அந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் உறையாது. ஆர்க்ரைட் டெர்வென்ட் ஆற்றுக்கு வந்தது 1783இல், மேசன் ஆலைக்காக.

இன்னொரு கண்ணியும் உண்டு. பிறகு இன்னும் ஆழமாகக் குடைந்த மீர்புரூக் வடிகால் அந்தச் சுரங்க நீரை இழுத்துக்கொண்டது. 1840களிலேயே குரோம்ஃபோர்டில் தண்ணீர் தட்டுப்பாடு. 25 அங்குலத் தாள் வரைந்தது அதற்கும் பின்னால். ஆகவே தாளில் இருப்பது ஆலையின் வயதான காலத்துப் படம். ஊருக்குள் கிரேஹவுண்ட் விடுதிக்குப் பின்னாலுள்ள குளத்தைப் பிடித்து, ஓடைத் தண்ணீரின் வழியை முதலில் வரையுங்கள். அப்புறம் வடிகால் வாயிலிருந்து சாலைக்கு மேலே தொட்டிப்பாலத்தில் ஆலைக்குள் போன வழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீழ்ச்சி

தண்ணீர் ஆலைக்குள் நுழையும் மட்டத்திலிருந்து வெளியேறும் மட்டத்தைக் கழியுங்கள். வினாடிக்கு 1 கன மீட்டர் தண்ணீர் 4 மீட்டர் விழுந்தால் சுமார் 39 கிலோவாட். சக்கரத்தில் 60 சதவீதம் தேறியது என்று வைத்தால் கிட்டத்தட்ட 30 குதிரைத்திறன். ஆலையை விட்டு வெளியேறும் வடிவாய்க்காலை ஆற்றில் எவ்வளவு கீழே தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு வீழ்ச்சி கூடும்.

படி 5: இப்போது கட்டடம்

ஆர்க்ரைட் காலத்து ஆலை நீளமாக, ஒடுக்கமாக, சுமார் 30 அடி அகலத்தில் இருக்கும். நடு இயந்திரம் வரை ஜன்னல் வெளிச்சம் எட்ட வேண்டும், ஒரே தண்டு நீளவாக்கில் எல்லா இயந்திரங்களுக்கும் பெல்ட் கொடுக்க வேண்டும். குரோம்ஃபோர்டில் சாலையைப் பார்த்த பக்கத்துக் கீழ்ச்சுவரில் ஜன்னலே இல்லாமல் கோட்டை மாதிரி நிற்பதைக் கவனியுங்கள். பயம் வீண் இல்லை. 1779இல் லங்காஷயரின் பிர்காக்கரிலிருந்த ஆர்க்ரைட்டின் ஆலையை, இயந்திரங்களால் பிழைப்பு போகும் என்று கொதித்த கூட்டம் கொளுத்தியது.

நெருப்புக்குக் கலகக்காரர்களும் வேண்டியதில்லை. எண்ணெய் ஊறிய மரத்தளம், பஞ்சுத் தூசி, மெழுகுவர்த்தி, இவை போதும். பெல்ப்பர் வடக்கு ஆலை 1803இல் எரிந்தது. வில்லியம் ஸ்ட்ரட் 1804இல் அதை வார்ப்பிரும்புத் தூண்களும் செங்கல் வளைவுத் தளங்களுமாக மறுபடி எழுப்பினார். என்னைக் கேட்டால், பார்க்க ஒரே ஒரு ஆலைக்குத்தான் நேரம் என்றால் இதுதான். பக்கத்தில் உயரமாக நிற்கும் சிவப்புச் செங்கல் கிழக்கு ஆலையைப் படம்பிடித்து ஏமாறாதீர்கள், அது 1912.

பின்சேர்க்கை

செஷயரிலுள்ள குவாரி பேங்க் ஆலையில் (சாமுவேல் கிரெக் தொடங்கியது, 1784) வெளியேறும் வாய்க்காலைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பின்னாளில் வைத்த 32 அடி விட்டமுள்ள பெரிய சக்கரத்துக்கு வீழ்ச்சி போதாமல் ஆற்று மட்டத்துக்கும் கீழே குழி வெட்டி, தண்ணீரைச் சுரங்கம் வழியாக வெகுதூரம் கொண்டுபோய் பொலின் ஆற்றில் விட்டார்கள். நிலத்துக்கு மேலே நீலக் கோடு தேடினால் கிடைக்காது, ஆற்றின் கரையோரம் கீழ்நோக்கிப் போய்ச் சுரங்க வாயைத் தேடுங்கள்.

நம் பக்கம் முயல்பவர்களுக்கு: விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்களின் ஆலை பாபநாசத்தில் தாமிரபரணியின் வீழ்ச்சியை நம்பியும், கர்நாடகத்தின் கோகாக் ஆலை கடபிரபா ஆற்றின் அருவியை நம்பியும் எழுந்தவை. வீழ்ச்சியை அருவியே கொடுத்துவிடுகிறது. தேடலை அருவிக்கு மேலே, தண்ணீரைத் திருப்பும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.