கைக்குழந்தைக்கு வயிற்றால் போகிறதா? பால் புகட்டுகிற பாலாடையை எடுங்கள்

முதலில் ஒன்று. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி போனால் அது பேதி இல்லை. எடை ஏறுகிறது, நன்றாகச் சிரிக்கிறது, மூத்திரத்துணி நனைகிறது என்றால் விட்டுவிடுங்கள். வழக்கத்தைவிட அதிக தடவை தண்ணீராகப் பீய்ச்சி அடித்து, துணி முழுக்க உறிஞ்சி, ஓரத்தில் கறை மட்டும் நின்றால் அதுதான் வயிற்றுப்போக்கு.

எங்கள் தண்டையார்பேட்டை பக்கம் உடனே யோசனைகள் வரிசை கட்டி வரும். பல் முளைக்குது, சீர் தட்டிடுச்சு, தொக்கம் எடுத்துட்டு வா. என் பையனுக்கு ஏழாவது மாதத்தில் வயிற்றால் போனபோது அத்தை உரைகல்லையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பாசம்தான், ஆனால் வசம்பும் ஜாதிக்காயும் உடம்பை விட்டுப் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தராது. குழந்தை சுருண்டு போவது அந்த இழப்பால்தான்.

அதனால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். கூடவே ஓ.ஆர்.எஸ்., அதாவது இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தர, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற தூள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கான சின்னதும் உண்டு. லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்க வேண்டும். பாதித் தூளை அரை டம்ளரில் போட்டால் உப்பு ஏறி விபரீதம் ஆகும். சர்க்கரை, பால் எதுவும் சேர்க்காதீர்கள், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பழப்படம் போட்ட இனிப்புப் பானங்கள் இதற்கு உதவாது, சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, பாலாடையிலோ ஸ்பூனிலோ, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய். அவசரப்பட்டு நான் பாலாடையைச் சாய்த்தேன், மொத்தமும் என் புடவையில்தான் வந்தது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு குழைந்த பருப்புசாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் தரலாம், பட்டினி வேண்டாம்.

ஜிங்க் மாத்திரையை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். பேதியை நிறுத்துகிற பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக்கும் நீங்களாக வாங்காதீர்கள்.

சரி, எப்போது ஓட வேண்டும்? உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது, கண் உள்ளே போயிருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் இறங்குகிறது. இதில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையா, 108. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தை என்றால் இதெல்லாம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வருவது நமக்குப் புதிதில்லை. கேன் தண்ணீரானாலும் காய்ச்சுங்கள். துணி கசக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாலாடையைத் தொடுங்கள். ஆறு, பத்து, பதினாலாவது வாரத்தில் தருகிற ரோட்டா சொட்டு மருந்தை விடாதீர்கள், சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.