கார்பன் டை ஆக்சைடு வினையூக்கி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பன் டை ஆக்சைடைப் பயனுள்ள பொருளாக மாற்றும் வினையூக்கியாக உலோக அணைவுச் சேர்மம் ஒன்றைக் கரைத்து, அந்த வாயுவைச் செலுத்தி, ஒளியோ மின்சாரமோ கொடுத்தபின், வாயுக் கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபில் கார்பன் மோனாக்சைடு தலைகாட்டிவிட்டால் போதும், பலரும் கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதுதான் இத்துறையின் தலையாய தவறு.

சந்தேகப்பட வேண்டியவை ஏராளம். டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பான் நீராற்பகுப்படைந்து, இவ்வினைகளில் தேடும் இன்னொரு விளைபொருளான ஃபார்மேட்டைத் தானே தரும். ரீனியம் டிரைகார்பனைல் சேர்மங்களில் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கார்பன் மோனாக்சைடைச் சுமந்துகொண்டே வருகிறது. ஒரு மூலக்கூறு எத்தனை முறை வேலை செய்தது என்பதைக் காட்டும் சுழற்சி எண் மூன்றைத் தாண்டாதவரை, கிடைத்த வாயுவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆர்கான் செலுத்திப் பார்க்கும் வெற்றுச் சோதனையை மட்டும் நம்புவதும் தவறு. பைகார்பனேட் கரைசலில் ஆர்கானைச் செலுத்தினால் பிஎச் ஏறிவிடும். இரண்டு கலன்களையும் ஒப்பிடவே முடியாது. சற்றுக் கனமான கார்பன்-13 அணுவால் அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடுதான் நம்பகமான வழி. விலை அதிகம்தான், ஆனால் தட்டிக்கழிக்க அது காரணமாகாது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண கார்பன் மோனாக்சைடின் நிறை 28, காற்றிலுள்ள நைட்ரஜனுக்கும் 28. அடையாளமிட்டதன் நிறையோ 29. ஆனால் நைட்ரஜன் மூலக்கூறுகளிலும் சுமார் 0.7 சதவீதம் 29 நிறை கொண்டவை. கலனில் சிறு கசிவு இருந்தாலும் பொய்ச் சாட்சி தயார். ஆகவே நைட்ரஜனை வாயு குரோமட்டோகிராஃபின் பிரிகலத்தில் முதலில் விலக்கிவிட்டு, பிறகே நிறை பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, கலனில் போட்ட மூலக்கூறுதான் வேலை செய்கிறது என்று நம்புவது. தாமிர தாலோசயனின் என்ற அணைவுச் சேர்மம் மின்னழுத்தத்தின் கீழ் சுமார் 2 நானோமீட்டர் தாமிரத் துகள்களாக மாறி மீத்தேனைத் தருகிறது என்று 2018-இல் காட்டினார்கள். மின்னழுத்தத்தை எடுத்ததும் பழைய மூலக்கூறாகவே திரும்பிவிடுகிறது! வினை முடிந்தபின் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். வினை நடக்கும்போதே எக்ஸ் கதிர் உட்கவர்தல் அளவீட்டால் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

சுழற்சி எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு பெருமைப்படுவதும் வேண்டாம். நானோமோல் (மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் வினையூக்கியைப் போட்டால், வகுக்கும் எண் சிறியது என்பதாலேயே விடை பெரிதாகும். 2009-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கியோகோ நோசாகி குழுவின் இரிடியம் சேர்மம் 35 லட்சம் சுழற்சிகளைத் தொட்டது, உண்மையான சாதனை. அதை மேற்கோள் காட்டும் பலர், கிடைத்தது ஃபார்மேட் உப்பு என்பதையும், ஒவ்வொரு மோலுக்கும் ஒரு மோல் காரம் செலவாகிறது என்பதையும் விட்டுவிடுகிறார்கள். ஃபார்மிக் அமிலமாக வேண்டுமானால் அந்த உப்போடு இன்னொரு அமிலத்தையும் சேர்க்க வேண்டும். அந்தச் செலவும் கணக்கில் வர வேண்டும்.